கரிசல் பருத்தியும் தத்துப்பூச்சியும்: கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் நெடும்பணி

தூத்துக்குடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொற்கைக் காலம் தொட்டு மன்னார் வளைகுடாவின் பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களின் ஊர் இது. அப்படித் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தத் துறையில் இன்னொரு சரக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அது கரிசல் காட்டுப் பஞ்சு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் லிவர்பூலுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து அற்றுப்போனது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களின் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடிக்கு வந்தது. 1876-ல் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாக ரயில் வந்த பிறகு வண்டிப் பயணம் குறைந்தது. கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, அழுத்திக் கட்டிய பொதிகளைத் தோணிகள் சுமந்துபோயின. உலகச் சந்தையில் அந்தப் பஞ்சுக்கு ‘டின்னவெல்லி’ என்றே பெயர். ஹார்வி சகோதரர்கள் இங்கே ஆலை கட்டியதும், அதே கோரல் மில்லில் 1908-ல் வ.உ. சிதம்பரனார் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தியதும் இந்தப் பஞ்சின் கதையில் அடங்கியவைதாம். எட்டயபுரத்தில் பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் பஞ்சு ஆலை தொடங்கி நொடித்துப்போனதும் இதே கதையின் இன்னொரு கிளை.

பஞ்சு விளைந்த நிலத்துக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்டால், அதற்கான விடை கோவில்பட்டியில் இருக்கிறது. 1901-ல் அன்றைய சென்னை மாகாண அரசு அங்கே ஒரு வேளாண் நிலையத்தைத் தொடங்கியது. கோயம்புத்தூரில் வேளாண் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 1906-ல்தான். அதற்கும் முன்னால் தோன்றிய பண்ணை இது. மானாவாரி வேளாண்மைக்கென நம் நாட்டில் எழுந்த மிகப் பழைய நிலையங்களில் ஒன்று. 125 ஆண்டுகளை எட்டியிருக்கும் அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து வைக்கும் முன்பருவ விதைப்பு, விதையைக் கடினப்படுத்தி வறட்சிக்குப் பழக்குதல், பண்ணைக்குட்டை, மண் ஈரம் காக்கும் முறைகள், கே வரிசைச் சோளமும் கம்பும் மிளகாயும் உளுந்தும். இந்த மலரில் அவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டுரைகள் வேண்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு சிறு பூச்சியோடு அந்த நிலையம் கொண்ட நீண்ட உறவை மட்டும். அந்த நிலையத்தின் பெருமை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் நான் அங்கேதான் கைகாட்டுவேன்.

பூச்சியின் பெயர் தத்துப்பூச்சி. மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட முழுதாக இராது. இளம்பச்சை நிறம். முன்னே அகன்று பின்னே குறுகிய ஆப்பு வடிவம். முன்னிறக்கை ஒவ்வொன்றின் பின்பகுதியிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம். இலையைத் திருப்பியதும் முதிர்ந்தது பறந்து ஓடும். இறக்கை முளைக்காத இளம்பூச்சி இலையின் அடிப்புறத்திலேயே குறுக்காக நகர்ந்து அடுத்த நரம்பின் மறைவுக்குப் போகும்.

தத்துப்பூச்சிக் குடும்பம் மிகப் பெரியது. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில ஒரே வகை மரத்தை நம்பி வாழ்கின்றன. ஐரோப்பாவில் கிரிபோட்டஸ் என்ற பேரினம் பைன் மரங்களிலேயே குடியிருக்கிறது. ஊசி இலைகளை விட்டு அது வயல்வெளிக்கு வருவதில்லை, அதனால் உழவருக்கு அதைத் தெரியவும் தெரியாது. நம்முடையது அப்படி ஒதுங்கி வாழ்வதன்று. பருத்தி, வெண்டை, கத்தரி, சூரியகாந்தி, செம்பருத்தி, வரப்போரத்துத் துத்தி என்று எல்லாவற்றிலும் அது வாழும். பருத்தி இல்லாத மாதங்களில் வெண்டையிலும் களைகளிலும் காலம் தள்ளிவிட்டு, பருத்தி முளைத்து இலை விட்டதும் வந்து சேரும். இதன் உறவினங்கள் செய்யும் கேடும் நமக்குத் தெரிந்ததே. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்குத் துங்ரோ நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. எள்ளில் பூவெல்லாம் இலையாக மாறும் நோயைக் கொண்டுவருவதும் ஒரு தத்துப்பூச்சிதான்.

1918-ல் டபிள்யூ.எல். டிஸ்டண்ட் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசை நூலில் இந்தப் பருத்திப் பூச்சியை ‘எம்போவாஸ்கா டெவாஸ்டன்ஸ்’ என்று பதிவு செய்தார். நம் நாட்டுப் பழைய ஆய்வறிக்கைகளிலெல்லாம் அந்தப் பெயரைத்தான் காண்போம். 1967-ல் எம்.எஸ்.கே. கௌரி, மாமரத்துத் தத்துப்பூச்சி ஒன்றை முதன்மையாக வைத்து ‘அம்ராஸ்கா’ என்ற புதிய பேரினத்தை அமைத்தார். பருத்திப் பூச்சியும் அந்தப் பேரினத்துக்குள் வந்தது. இன்று அதன் பெயர் அம்ராஸ்கா பைகுட்டுலா.

அது செய்யும் சேதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இலையின் அடிப்புறத்தில் இருந்து சாறு உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போதே நச்சுத்தன்மை கொண்ட உமிழ்நீரைத் திசுவுக்குள் விடுகிறது. சாறு போவதைவிட உமிழ்நீர் புகுவதுதான் பெருங்கேடு. முதலில் இலை விளிம்பு மஞ்சளாகும். பிறகு கீழ்நோக்கிச் சுருளும். அடுத்து விளிம்பு சிவந்து, செம்பு நிறமாகி, தீயில் வாட்டியதுபோலக் கருகும். முற்றினால் இலை உதிரும், சப்பையும் பிஞ்சும் உதிரும். இளம்பயிராக இருக்கும்போதே தாக்கினால் செடி வளர்ச்சி நின்று குன்றிப்போகும். முட்டை நம் கண்ணுக்குப் படாது. இலை நரம்பின் திசுவுக்குள் செருகி வைக்கப்பட்டிருக்கும். சில நாட்களில் பொரித்து, ஐந்து முறை சட்டையுரித்து, நல்ல வெப்பம் இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். ஒரு பருத்திப் பருவத்தில் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

இவ்வளவு கேடு செய்யும் பூச்சி, நிலையம் தொடங்கிய காலத்தில் கரிசலில் பெரிய பேச்சாக இருக்கவில்லை. காரணம் கருங்கண்ணி. அன்று இங்கே விளைந்தவை இரண்டு நாட்டுப் பருத்திகள். ஒன்று கருங்கண்ணி, மற்றது உப்பம். இரண்டும் ஒரே புஞ்சையில் கலந்தே விதைக்கப்பட்டன, கலந்தே எடுக்கப்பட்டன, அந்தக் கலப்புத்தான் டின்னவெல்லி என்ற பெயரில் கப்பலேறியது. நாட்டுப் பருத்திகள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தப் பூச்சியோடு பழகியவை. பூச்சி அவற்றில் இருக்கும், ஆனால் தலையெடுக்காது. அதனால் நிலையத்தின் முதல் வேலை பூச்சியைப் பற்றியதாக இல்லை. கருங்கண்ணியைக் கலப்பிலிருந்து பிரிப்பது, நல்ல இழை தரும் செடிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது, தூய விதையைப் பெருக்கி உழவருக்குக் கொடுப்பது ஆகியவையே முதல் வேலையாக இருந்தன. 1921-ல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைக்கப்பட்ட பின் நாடெங்கும் பருத்தி ஆய்வுக்குப் பணம் வந்தது. கோவில்பட்டியின் ‘கே’ வரிசைக் கருங்கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கே 11 வரையிலும் அதற்குப் பிறகும் அந்த வரிசை நீண்டது. கரிசல் நிலத்து உழவர் அந்த எண்களைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதுபோல உரிமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நிலைமை மாறியது அமெரிக்க வகைப் பருத்தியால். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தோசீனாவிலிருந்து, அந்த வகையைச் சேர்ந்த கம்போடியா பருத்தி இங்கே வந்தது. இழை நீளமானது, வெண்மையானது, விலை கூடியது. கிணற்றுப் பாசனம் இருந்த இடங்களில் அது வேகமாகப் பரவியது. ஆலைகள் நீளமான இழையைக் கேட்டன. சந்தை கேட்டதை உழவர் விதைத்தார். நாட்டு விடுதலைக்குப் பின் நீண்ட இழைப் பருத்தி நாட்டின் கொள்கையாகவே ஆனது. 1967-ல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அனைத்திந்திய ஒருங்கிணைந்த பருத்தி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1970-ல் குஜராத்தின் சூரத்திலிருந்து உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தி எச் 4 வந்தது. அமெரிக்க வகையின் பரப்பு கூடக்கூட, அதுவரை ஓரத்தில் கிடந்த தத்துப்பூச்சி நடுக்களத்துக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஃப்.ஆர். பார்னெல் கோயம்புத்தூரில் அரசுப் பயிரியல் வல்லுநராக இருந்தவர். ஜி.என். ரங்கசாமி ஐயங்கார், கே. ராமையா ஆகியோரோடு சேர்ந்து 1917-ல் நெல்லின் பண்புகள் தலைமுறை தோறும் எப்படி இறங்குகின்றன என்ற ஆய்வை வெளியிட்டவர். நம் நாட்டு நெல் ஆய்வின் அடித்தளங்களில் அது ஒன்று. அவர் 1920-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனுக்குப் போனார். அங்கே பருத்தி பயிரிடவே முடியாது என்ற நிலை. காரணம் அந்நாட்டுத் தத்துப்பூச்சி. பார்னெல் வயலில் நின்று செடிகளைப் பார்த்தார். எல்லாம் கருகிக் கிடந்த இடத்தில் சில செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. அவற்றின் இலைகளைத் தடவினால் சுணை இருந்தது. சுணையுள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ‘யூ 4’ என்ற ரகத்தை உருவாக்கினார். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பருத்தி மீண்டும் வேர் பிடித்தது. 1949-ல் கிங், ரஸ்டன் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுரையில் இந்த உறவு தெளிவாக நிறுவப்பட்டது. சுணை இருந்தால் மட்டும் போதாது. அது நீளமாகவும் அடர்த்தியாகவும், இலையின் அடிப்புறத்தில் இருக்கவும் வேண்டும் என்பதே அவர்கள் கண்டது. பஞ்சாபில் 1940-ல் அப்சல் உசேனும் கே.பி. லாலும் நம் நாட்டுப் பூச்சியின் வாழ்க்கையைப் பருத்தி ரகங்களின் மேல் வைத்து ஆராய்ந்தார்கள். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-ல் எழுதிய கையேடு பல ஆண்டுகள் பூச்சியியல் மாணவர்களின் கையிலிருந்து இறங்கவில்லை.

சுணை எப்படிக் காக்கிறது? நீண்ட, நெருக்கமான சுணை இருந்தால் தாய்ப்பூச்சிக்கு நரம்பில் முட்டை செருகுவது கடினம். பொரித்து வரும் இளம்பூச்சிக்கும் இலையோடு ஒட்டி உட்கார்ந்து ஊசிவாயைச் செலுத்த இடம் கிடைப்பதில்லை. நரம்பின் திசு கடினமாக இருந்தாலும் முட்டை இறங்காது. ஆகவே எதிர்ப்பு என்பது ஒரே ஒரு குணம் அன்று. இதில் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுணை மிகுந்த இலை வெள்ளை ஈக்குப் பிடித்தமானது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் அதில் முட்டையிட விரும்பும். சருகுத் தூள் பஞ்சோடு ஒட்டிக்கொள்வதாக ஆலைக்காரர் குறை சொல்வார். ஆகவே பயிர்ப் பெருக்க வல்லுநருக்குச் சுணை என்ற ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எவ்வளவு சுணை, எந்த நீளம், எந்த இடத்தில் என்பதைத் தேட வேண்டும். அதோடு இழை நீளம், ஆலைக்கேற்ற வலிமை, நவம்பர் மழை தவறினாலும் காய் பிடிக்கும் திறன் எல்லாமும் ஒரே செடியில் சேர வேண்டும்.

அந்த வேலையைத்தான் கோவில்பட்டி மானாவாரிக் கரிசலில் செய்தது. இது எப்படி நடக்கும் வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. நூற்றுக்கணக்கான வரிசைகளில் வெவ்வேறு வித்துகளை விதைக்கிறார்கள். இடையிடையே பூச்சி எளிதில் தாக்கும் ரகத்தை வேண்டுமென்றே நட்டு, பூச்சி பெருக வழி செய்கிறார்கள். மருந்து தெளிப்பதில்லை. விதைத்த ஒரு மாதம் முதல் குறித்த இடைவெளியில் ஒவ்வொரு வரிசையிலும் செடிகளை எடுத்துக்கொண்டு, ஒரு செடிக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இலைகளைத் திருப்பி அடிப்புறத்து இளம்பூச்சிகளை எண்ணுகிறார்கள். இலையின் தோற்றத்துக்குத் தர எண் போடுகிறார்கள். சேதமில்லாத இலை முதல் தரம். விளிம்பு மட்டும் மஞ்சளாகிச் சற்றே சுருண்டால் இரண்டு. இலை முழுவதும் சுருண்டு சிவந்தால் மூன்று. கருகி உதிரும் நிலை நான்கு. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் நரம்பின் மேல் சுணையை எண்ணி அளக்கிறார்கள். விடியற்காலையில், பூச்சி சுறுசுறுப்படையும் முன், குனிந்தபடி வரிசை வரிசையாகப் போகும் வேலை. பண்ணைத் தொழிலாளர்களும் களப்பணியாளர்களும் இதில் ஆராய்ச்சியாளருக்குச் சமமான பங்காளிகள். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவர்களின் பெயர் வராது. இந்த மலரிலாவது அவர்களுக்கு நன்றி சொல்லப்பட வேண்டும்.

இந்த உழைப்பின் விளைவுதான் கேசி 2, கேசி 3 ஆகிய ரகங்கள். இரண்டும் அமெரிக்க வகைப் பருத்தி. மானாவாரிக் கரிசலுக்கு ஏற்றவை. தத்துப்பூச்சியைத் தாங்கி நிற்பவை. இவற்றின் மதிப்பு நம் புஞ்சையோடு முடியவில்லை. தத்துப்பூச்சி எதிர்ப்பு எப்படி மரபில் இறங்குகிறது என்பதை ஆராய விரும்புவோர், எளிதில் தாக்கப்படும் எம்சியு 13 போன்ற ரகத்தோடு கேசி 2-ஐக் கலந்து அடுத்த தலைமுறையைப் பார்க்கிறார்கள். கேசி 3-உம் அப்படியே எதிர்ப்புக்கான பெற்றோராகப் பயன்படுகிறது. ஒரு நிலையத்தின் ரகம் மற்றவர்களின் ஆய்வுக்கு அளவுகோலாகவும் பெற்றோராகவும் ஆவதைவிடப் பெரிய பாராட்டு பயிர்ப் பெருக்கத் துறையில் கிடையாது என்பது என் துணிபு.

முத்துக்குளித்த கடற்கரைக்கும் இந்தக் கரிசல் பண்ணைக்கும் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. குளிப்பு நடத்துவதற்கு முன் அதிகாரிகள் பார்களுக்குப் போய், முக்குளிப்போரை இறக்கி, மாதிரிச் சிப்பிகளை எடுத்து எண்ணி, வயதையும் முத்தின் தரத்தையும் பார்ப்பார்கள். கணக்குத் தேறினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் அந்த ஆண்டு கடலுக்கு ஓய்வு. தத்துப்பூச்சிக்கும் அப்படித்தான் கணக்கு. வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 50 இலைகளைப் பார்த்து, 50 பூச்சிகள் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதற்குக் கீழே இருந்தால் பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும், சிலந்தியும், முட்டை ஒட்டுண்ணிக் குளவியும் பார்த்துக்கொள்ளும். தழைச்சத்தை அளவோடு போடுவதும், பருத்தியோடு உளுந்தோ பாசிப்பயறோ ஊடுபயிராக விதைப்பதும், ஓரத்தில் வெண்டையைக் கவர்ச்சிப் பயிராக வைப்பதும் அந்தக் கணக்கைக் குறைத்தே வைத்திருக்கும். இவை எல்லாம் நிலையமும் பல்கலைக்கழகமும் ஆண்டாண்டாகச் சொல்லி வருபவை.

ஆனாலும் நடுவில் ஒரு காலம் எண்ணும் பழக்கத்தை மறக்கடித்தது. பூச்சிமருந்து மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கத் தொடங்கியபோது, இலையைத் திருப்பிப் பார்ப்பது வீண் வேலையாகத் தோன்றியது. 1990-களில் விதையோடு கலந்தே கொடுக்கும் இமிடாகுளோபிரிட் வந்தது. முதல் சில வாரங்களுக்குத் தத்துப்பூச்சித் தொல்லை இல்லை. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அது காய்ப்புழுவுக்கானது, சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்தபோது, அதனோடு சேர்ந்து அடங்கியிருந்த தத்துப்பூச்சி மேலெழுந்தது. சந்தைக்கு வந்த ஒட்டு ரகங்களில் பல, தத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவையல்ல. விதைமருந்தை நம்பியே அவை நின்றன. பிறகு அந்த மருந்துக்கும் பூச்சி பழகிக்கொண்டது. நாட்டின் பல பகுதிகளில் இமிடாகுளோபிரிட்டுக்குத் தத்துப்பூச்சி எதிர்ப்பு பெற்றிருப்பதை ஆய்வுகள் காட்டின. செடியிலேயே இருந்த காவலை எடுத்துவிட்டு, டப்பாவில் காவல் வாங்கிய முடிவின் பலன் இது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், பருவத்துக்கு எத்தனை முறை தெளிக்கிறோம் என்று எந்தப் பருத்தி உழவரையும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது உலகமே இந்தப் பூச்சியைப் பற்றிப் பேசுகிறது. ஆசியாவுக்குள் இருந்த அம்ராஸ்கா பைகுட்டுலா மேற்கு ஆப்பிரிக்காவில் பரவி, 2022-23 பருவத்தில் ஐவரி கோஸ்ட்டின் பருத்தி விளைச்சலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. பக்கத்து நாடுகளிலும் பெருஞ்சேதம். 2023-ல் போர்ட்டோ ரிக்கோவில் தென்பட்டது. 2024-ன் இறுதியில் புளோரிடாவில் காணப்பட்டு, 2025 கோடையில் ஜார்ஜியா, தென் கரோலினா, அலபாமா என்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பருத்தி மாநிலங்களில் பரவியது. செம்பருத்திச் செடி வணிகம் அதற்கு வழியமைத்தது. முட்டை இலை நரம்புக்குள் இருப்பதால் தொட்டியில் போகும் செடியோடு அதுவும் கண்ணில் படாமல் பயணம் செய்யும். இயந்திர அறுவடையில் சருகு சேராமல் இருக்க வழவழப்பான இலையை விரும்பித் தேர்ந்தெடுத்த நாடு அமெரிக்கா. சுணையுள்ள பருத்தியைப் பற்றி அங்கே இன்று தேடுகிறார்கள்.

1840-களில் அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிரிடக் கற்றுக்கொடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்து, கோயம்புத்தூரில் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் பண்ணைகள் நடத்தியது. இன்று அவர்களின் நாட்டுக்குத் தேவைப்படும் அறிவு கோவில்பட்டி போன்ற பண்ணைகளின் பதிவேடுகளில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

துறைமுகத்தின் பங்கும் இதில் உண்டு. 1914-ஆம் ஆண்டின் கேடு விளைக்கும் பூச்சிகள் சட்டம் வந்த காலத்தில் நம் நாட்டின் பெரிய அச்சங்களில் ஒன்று அமெரிக்கப் பருத்திக் கூன்வண்டு. அதனால் அமெரிக்கப் பஞ்சு பம்பாய்த் துறை வழியாக மட்டும், நச்சுப் புகை மூட்டிய பிறகே உள்ளே விடப்பட்டது. 1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. இப்போது அது வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. பஞ்சு ஏற்றுமதி செய்த ஊர் பஞ்சு இறக்குமதி செய்யும் ஊராகவும் ஆகிவிட்டது. இங்குள்ள பயிர்த்தனிமைக் காப்பு நிலையம் உள்ளே வரும் பஞ்சு, தானியம், மரம், சரக்கோடு வரும் பைன் மரப் பெட்டிச் சட்டங்கள் வரை சோதிக்கிறது. வெளிநாட்டுப் பூச்சி ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 2018-ல் மக்காச்சோளப் படைப்புழு நமக்குக் காட்டிவிட்டது. துறைமுகத்தில் நிற்கும் அந்த அலுவலர்களும் பண்ணையில் இலையைத் திருப்பும் களப்பணியாளரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

கரிசலில் இன்று பருத்தி சுருங்கிவிட்டது. விளாத்திகுளத்திலும் எட்டயபுரத்திலும் கோவில்பட்டியிலும் பருத்தி நின்ற புஞ்சைகளில் மக்காச்சோளம் நிற்கிறது. எடுப்புக் கூலியும், மருந்துச் செலவும், நிலையில்லாத விலையும் உழவரைத் தள்ளிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மானாவாரி நிலத்தில் குறைந்த செலவில் ஒரு பணப்பயிர் வேண்டுமென்றால், தத்துப்பூச்சியைத் தானே தாங்கும் பருத்திக்கு நாம் திரும்பியாக வேண்டும். கருங்கண்ணியைக் கைத்தறிக்கும் கதருக்குமாக மீண்டும் விதைக்கும் முயற்சிகள் அங்கங்கே நடக்கின்றன. அவை வளர வேண்டும். ஆனால் விதை இல்லாமல் எந்த முயற்சியும் இல்லை. அந்த விதையைத் தூய்மையாக ஆண்டுதோறும் விதைத்து, எடுத்து, பிரித்து வைத்திருப்பது கோவில்பட்டிதான்.

ஆகவே இந்த மலரின் வழியாகச் சில வேண்டுகோள்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும்: கோவில்பட்டியில் பருத்திப் பயிர்ப் பெருக்க வல்லுநர், பூச்சியியல் வல்லுநர் ஆகிய இரு பணியிடங்களும் ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது. பத்து ஆண்டு தேர்வு செய்த வரிசை, ஓர் ஆண்டு ஆளில்லாமல் போனாலே கலந்து கெட்டுவிடும். நிலையத்தின் பழைய வயல் பதிவேடுகளையும் பூச்சிக் கணக்குகளையும் கரையான் தின்னும் முன் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். இந்தப் பூச்சி புதிதாகப் போய்ச் சேர்ந்த நாடுகளுக்கு அவை பயன்படும். தூத்துக்குடி, கோவில்பட்டி, ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு: நாட்டுப் பருத்திக்கும் கேசி ரகங்களுக்கும் தனி விலை சொல்லி வாங்குங்கள்; உழவர் விதைக்கத் தயங்க மாட்டார். பருத்தி போடும் உழவர் பெருமக்களுக்கு: விதை வாங்கும்போது அந்த ரகம் தத்துப்பூச்சியைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் கோவில்பட்டி நிலையத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். மருந்து வாங்கக் கிளம்பும் முன் புஞ்சைக்குள் இறங்கி 50 இலைகளைத் திருப்பிப் பாருங்கள்.